சிதம்பரத்தில் விட்ட மிச்சம்

பாவசங்கீர்த்தனம் பண்ணப் போன இடத்தில் பெருமை பேசி மாட்டிக்கொண்டவள் ராயபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் பெயர் செல்லக்கனி. அப்பா தூத்துக்குடியிலிருந்து ஹார்பர் வேலைக்கு வந்தவர், அதனால் இந்தத் தெற்கத்திப் பெயர். வண்ணாரப்பேட்டையில் ஒரு நைட்டிக் கடைக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்து பட்டன் தைத்துக் கொடுக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைத் தையல்காரி என்று சொல்லமாட்டார்கள். 'வேளாங்கண்ணி நடக்கிற அக்கா' என்றுதான் சொல்வார்கள். இருபத்து நான்கு வருடமாக ஒவ்வொரு ஆகஸ்டு கடைசியிலும் ராயபுரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்திருக்கிறேன். அதில் கடைசிப் பதினைந்து வருடம் குழுவுக்கு நான்தான் தலைவி. நாற்பது பேர், ஒரு சப்பரம். சப்பரம் என்றதும் பெரிய தேரை நினைக்கவேண்டாம். நாலு சைக்கிள் சக்கரத்தின் மேல் மாதா சுரூபத்தை வைத்து, சீரியல் பல்பு கட்டி, முன்னால் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போவோம். பன்னிரண்டு நாள், முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மாதா பிறந்தநாளான செப்டம்பர் எட்டுக்கு அங்கே இருப்போம்.

இந்த வருடம் இருபத்தைந்தாவது. குழுவில் சப்பரம் இழுக்கிற லோகநாதன் என்னைக் கேட்காமலே தெருமுனையில் பேனர் கட்டிவிட்டான். மாதா படம் சின்னதாக ஒரு மூலையில், என் போட்டோ பெரிதாக நடுவில், கீழே 'வெள்ளிவிழா திருப்பயணி' என்று எழுத்து. மாதாவை விட நான் பெரியவளா என்று அவனைத் திட்டினேன். திட்டிவிட்டு, பால் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த வழியாகவே போய்வந்தேன்.

இந்த நேரம் பார்த்து, எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த சின்ன ஃபாதர் ஞாயிறு பூசையில் ஒரு பிரசங்கம் வைத்தார். இது யூபிலி ஆண்டு, எல்லாரும் திருப்பயணம் போகவேண்டிய ஆண்டு, ஆனால் போகமுடியாதவர்கள் கவலைப்படவேண்டாம், தனியாகக் கிடக்கிற ஒரு நோயாளியைத் தேடிப் போய்ப் பார்த்தால் அதுவும் திருப்பயணம்தான், அவருக்குள் இருக்கிற கிறிஸ்துவைத் தேடிப் போன மாதிரிதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கால் கொப்பளித்து, உப்புக்காற்றில் உதடு வெடித்து, கண்ட மண்டபத்தில் கொசுக்கடியில் படுத்து எழுந்து போகிறவளுக்கும், ஆட்டோவில் போய் அரை டஜன் ஆரஞ்சு கொடுத்துவிட்டு வருகிறவளுக்கும் ஒரே பலனா?

அந்த எரிச்சலோடுதான் அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். காவி கட்டி மாலை போட்டவர்கள் நடை தொடங்கும் முன் அதைச் செய்தாகவேண்டும். முழங்காலிட்டு வழக்கமான பாவங்களைச் சொன்னேன். கோபம், கெட்ட வார்த்தை, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் மேல் பொறாமை. அதோடு எழுந்து வந்திருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"ஃபாதர், போன வாரம் நீங்க சொன்னது நடக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் இருவத்திநாலு வருசமா நடக்கிறேன். வெயிலு, மழ, எதுக்கும் நின்னதில்ல. ஒருத்தருக்காகவும் சப்பரத்த நிறுத்தினதில்ல."

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒருத்தருக்காகவுமா?" என்றார் ஃபாதர்.

"ஆமா ஃபாதர். ஒரு தபா ஒருத்திக்குக் காலு சீழ் வச்சிடுச்சு. ஒரே ஒரு நாள் தங்கலாம்னு அழுதா. சப்பரம் நிக்காதுன்னு சொல்லி, சிதம்பரத்துல பஸ் ஏத்தி அனுப்பிட்டு நாங்க பாட்டுக்குப் போய்ட்டோம்."

"அப்புறம் அவங்க எப்படி இருக்காங்கன்னு போய்ப் பாத்தீங்களா?"

நான் ஜெபமாலை மணியை உருட்டினேன்.

"எத்தனை வருஷமாச்சு?"

"எட்டு."

"ஏன் போகலை?"

அவள் பெயர் நீலா. எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரி, மீனவக் குடும்பம், இந்து. வேளாங்கண்ணிக்கு எங்களோடு நடக்கிறவர்களில் பாதிப்பேர் இந்துக்கள்தான், மாதா யாரையும் சர்ட்டிபிகேட் கேட்பதில்லை. அவள் புருஷன் மாரியப்பன் போன படகு ஒரு புயலில் காணாமல் போனது. அவன் உயிரோடு திரும்பினால் ஐந்து வருடம் நடந்து வருகிறேன் என்று நீலா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஆறாம் நாள் படகு ஆந்திராப் பக்கம் கரையேறியது. அடுத்த ஆகஸ்டிலிருந்து நடக்க ஆரம்பித்தாள், நாலு வருடம் குறையில்லாமல் முடித்தாள்.

எங்கள் குழுவுக்கே கால் வைத்தியம் அவள்தான். தங்குமிடம் வந்ததும் என் காஜா ஊசியை வாங்குவாள். நூலை மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெயில் நனைத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு நறுக்கிவிடுவாள். நீர் அந்த நூல் வழியாக வடிந்துவிடும், தோல் உரியாது, காலையில் எழுந்து நடக்கலாம். நாற்பது பேர் காலையும் பார்த்துவிட்டுத் தன் காலைக் கடைசியில் பார்ப்பாள். ஐந்தாவது வருடம் தன் காலைப் பார்க்க நேரமில்லாமலே புண்ணாக்கிக்கொண்டாள்.

சிதம்பரத்தில் ஒரு நாள் தங்கியிருக்கலாம். எட்டாம் தேதிக்கு அவகாசம் இருந்தது. ஆனால் பின்னாலேயே காசிமேட்டுக் குழு வந்துகொண்டிருந்தது. நாங்கள் நின்றால் அவர்கள் முந்திவிடுவார்கள். காரணம் அவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அன்றைக்கு ஃபாதரிடம் சொன்னேன். சொல்லும்போதே காது சுட்டது. பஸ் கிளம்பியபோது நீலா என்னைத் திட்டக்கூட இல்லை. "இன்னும் கொஞ்சம்தான கீது செல்லக்கனி" என்று மட்டும் ஜன்னலிலிருந்து சொன்னாள். எந்த முகத்தோடு போய் அவளைப் பார்ப்பது?

ஃபாதர் திட்டவில்லை. "மூணு அருள்நிறை மரியே சொல்லுங்க. அப்புறம், வேளாங்கண்ணிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த அம்மா வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. வேளாங்கண்ணிக்கு எப்படிப் போவீங்களோ அதே மாதிரி."

"அதே மாதிரின்னா, வெறுங்கால்லயா? எண்ணூரு ரோடு ஃபாதர். கண்டெய்னர் லாரி ஓடுற ரோடு."

"வேளாங்கண்ணி ரோட்டுல லாரி ஓடலையா?" என்றார்.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். காவிப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, வெறுங்கால், தோளில் துணிப்பை. பைக்குள் அரை டஜன் ஆரஞ்சு. வெறுங்கையோடு எப்படிப் போவது?

தெருமுனையில் வேம்பு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளும் இந்துதான். மாங்காட்டுக்கும் வருவாள், நாகூருக்கும் வருவாள், எங்களோடு வேளாங்கண்ணிக்கும் வருவாள்.

"இன்னாக்கா, நட புதங்கெழமதான? இன்னிக்கே எங்க கெளம்பிட்ட?"

தலைக்கு மேலே பேனரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஃபாதர் கொடுத்த பரிகாரத்துக்குப் போகிறேன் என்று அதன் அடியில் நின்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"எண்ணூரு பக்கம் ஒரு எடம். ஒரு நேர்ச்ச கீது," என்றேன்.

இது பொய் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காவி கட்டி வெறுங்காலோடு யார் போனாலும், போக முடியாதவர்கள் அவர்கள் கையில் தங்கள் வேண்டுதலைக் கொடுத்துவிடுவார்கள். மெழுகுவர்த்தி, ஒரு பொட்டலம் உப்பும் மிளகும், மடித்த சீட்டில் மன்றாட்டு. எந்தக் கோயில், எந்த ஊர் என்று துருவமாட்டார்கள். இருபத்து நான்கு வருடமாக நடக்கிறவள் தெரியாத இடத்துக்கா போய்விடுவாள்? வேம்பு கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டாள்.

"நானும் வர்றேங்கா. எண்ணூர்ல மாதா கீறாங்கன்னு யாருமே சொல்லல பாரு!"

காசிமேட்டைத் தாண்டும்போது ஆறு பேர் ஆகிவிட்டோம். மீன் வாங்க வந்த பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் பையில் சீட்டைத் திணித்தார்கள். காசிமேட்டுக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் கூடவே கிளம்பினார்கள், ராயபுரத்துக்காரிக்கு மட்டும் ஒரு புது இடம் தெரிந்துவிட்டால் எப்படி? திருவொற்றியூர் மார்க்கெட் வரும்போது என் பின்னால் பதினொரு பேர். வேம்பு மாதா பாட்டை எடுத்துவிட்டாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். எனக்குப் பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"ஒரு வூட்டு செவுத்துல மாதா காட்சி குடுத்துகிறாங்களாம். அக்கா கனவுல வந்து வழி சொன்னாங்களாம்."

என் கனவில் பட்டன் இல்லாத நைட்டிதான் வரும். இரண்டு தடவை நின்று, உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் வேம்பு பக்தியோடு என் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். வலது பக்கம் கல் கொட்டிய கடற்கரை, இடது பக்கம் வரிசையாக நிற்கிற லாரிகள். வெயில் ஏறியது. தார் ரோட்டில் ஒட்டுப் போட்ட ஜல்லி காலில் குத்தியது. ஒரு லாரி டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேனைத் தூக்கி எங்கள் கையில் கொடுத்தார். அவரும் ஒரு வேண்டுதலைச் சொல்லி அனுப்பினார், தங்கைக்கு வரன் அமையவேண்டுமாம். பை கனத்தது. ஊரை ஏமாற்றுகிறவளாகிவிட்டேனே.

நெட்டுக்குப்பத்தில் வழி கேட்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தோம். நீலா வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறம் வைத்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். இடது காலில் கட்டு. பாதத்தின் அகலம் குறைந்திருந்தது, மூன்று விரல்களைக் காணோம். மாரியப்பன் பக்கத்தில் வலையைப் பரப்பிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோடு நின்ற பதினொரு பேரையும் பார்த்தாள்.

"இன்னா செல்லக்கனி, சப்பரம் வழி தப்பிடுச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் வேம்பு முந்திக்கொண்டு கும்பிட்டாள். "யம்மா, மாதா காட்சி குடுத்த வூடு எது?"

"இந்த சந்துலயா? இங்க கார்ப்பரேசன் தண்ணியே நாலு நாளா வரல. மாதா எப்ப வந்தாங்க?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இனி ஓட வழியில்லை. பையைக் கீழே வைத்தேன்.

"மாதா காட்சின்னு நான் சொல்லல, வேம்பு. நீங்களா நெனச்சிக்கினீங்க, நான் வாய மூடிக்கினு வந்தேன். நான் இவளப் பாக்கத்தான் வந்தேன். எட்டு வருசத்துக்கு முந்தி இவள சிதம்பரத்துல பஸ் ஏத்தி வுட்டேன். காலுக்கு ஆவாதுன்னு எல்லார் கிட்டயும் சொன்னேன். நெசம் அது இல்ல. ஒரு நாள் நின்னா காசிமேட்டுக்காரங்க முந்திடுவாங்கன்னுதான். இது ஃபாதர் குடுத்த பரிகாரம்." பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "தப்பு பண்ணிட்டேன் நீலா. வந்து பாக்கவும் இல்ல. என்ன மன்னிச்சிடுடி."

கூட வந்த காசிமேட்டுக்காரிகளில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அந்த வருசமா? நாங்க உங்கள காரைக்கால்லயே தாண்டிட்டமே அக்கா."

முதலில் சிரித்தது மாரியப்பன்தான். வலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். அப்புறம் வேம்பு. "பதினஞ்சு கிலோமீட்டரு வெறுங்காலோட இஸ்துகினு வந்துட்டியேக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். நீலா மட்டும் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குந்து. காலக் காட்டு. ஊசி கீதா?"

என் தலைப்பில் ஊசி எப்போதும் குத்தியிருக்கும். எடுத்துக் கொடுத்தேன். மாரியப்பன் எண்ணெயும் மஞ்சளும் கொண்டுவந்தான். என் குதிகாலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாறுகிற காலை எடுத்துக்கொள்கிறேன் என்றேன், "நான் எறா உரிச்ச கையிடி" என்று அதட்டினாள். ஊசி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. ஒரு சொட்டு வலி இல்லை. வரிசையாகப் பதினொரு பேர் காலையும் பார்த்தாள். இரக்கச் செயல் செய்ய நடந்து வந்தது நாங்கள், செய்தது அவள்.

பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து நீட்டினேன். "சக்கர கீறவளுக்கு ஆரஞ்சா? உனுக்கு இன்னும் புத்தி வரல" என்று அதை வாங்கி வேம்பிடம் கொடுத்துவிட்டாள். விரல் போன பாதத்தைப் பார்த்து நான் விம்மியதும், "அது சக்கரயில போன வருசம் எடுத்தது. உன் மேல பழி போட முடியாது. போட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். வேம்பு, வந்தது வந்தாயிற்று என்று வாசலில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தினாள். "அணைமே அத்த! நான் இன்னா செத்தா பூட்டேன்? அப்டியே குடு, கரன்ட் போனா ஆவும்." சீட்டுகளை மட்டும் வாங்கித் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டாள். "இதெல்லாம் நான் சொல்லிக்கிறேன் மாதா கிட்ட. எனுக்கு வேற இன்னா வேல?" லாரி டிரைவர் தங்கையின் கதையையும் கேட்டுக்கொண்டாள்.

மற்றவர்கள் மோர் குடித்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போனபிறகுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"பஸ் ஏத்தி வுட்டதுக்கு நான் கோவிச்சிக்கல செல்லக்கனி. அஞ்சி வருசம்னு மாதா கிட்ட வாயால சொன்னேன். நாலே முக்காதான் குடுத்தேன். மீதி சிதம்பரத்துலயே நின்னுகினு கீது. இவரு தெனம் கடலுக்குப் போறாரு. அர மணி லேட்டானா எனுக்கு அந்த பஸ் ஸ்டாண்டு ஞாபகம்தான் வரும். குடுக்காத மீதிய இன்னிக்கிக் கேட்டுடுவாங்களோன்னு. எட்டு வருசமா தெனம்."

"மாதா அப்டிலாம் கேக்கமாட்டாங்கன்னு சொன்னா நம்பமாட்டா," என்றான் மாரியப்பன்.

ஒரு நாள் நின்றிருந்தால் போதும், இந்தப் பயம் இவளுக்கு இல்லை. காசிமேட்டுக் குழுவுக்காக ஒருத்தியின் எட்டு வருடத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன்.

"நான் இன்னா பண்ணணும், சொல்லு."

"சிதம்பரத்துலர்ந்து கோயிலுக்கு எம்மாந்தூரம்?"

"தொண்ணூறு கிலோமீட்டரு."

"உன் வூட்லர்ந்து இங்க?"

"பதினஞ்சு."

"ஆறு தபா," என்றான் மாரியப்பன், வலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"என் காலு ஆவாது. உன் கால குடு," என்றாள் நீலா. "ஆறு தபா இங்க நடந்து வா. மாதா பொறந்த நாளுக்குள்ள. அந்த மீதி தீந்துடும்."

"இன்னிக்கி நடந்தத கழிச்சிக்கலாமா?"

"இன்னிக்கி நடந்தது உன் பரிகாரம். என்னுது தனி."

குழு கிளம்புவது புதன்கிழமை. இங்கே ஆறு தடவை நடந்தால் அங்கே இருபத்தைந்தாவது இல்லை. பேனர் கண்முன் வந்தது. 'அடுத்த மாதம் பார்க்கலாமே' என்று நாக்கு நுனி வரை வந்தது. மாரியப்பன் அப்போது துடுப்பை எடுத்துக்கொண்டு படகுக்குக் கிளம்பினான். நீலா அவன் முதுகைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்.

"செரி," என்றேன்.

லோகநாதனிடம் சொன்னபோது, "பேனர்ல உன் மூஞ்சி கீதுக்கா!" என்று கத்தினான். கழற்று என்றேன். புதன்கிழமை காலை கோயில் வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்துச் சப்பரத்தை மந்திரித்தார். நான் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி லோகநாதன் கையில் கொடுத்தேன். "யாருக்காவது காலு முடியலன்னா நிறுத்து. காசிமேட்டுக்காரன் முந்தினா முந்திட்டுப் போவட்டும்." சப்பரம் தெற்கே பீச் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. பொய் சொல்லமாட்டேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு வடக்கே திரும்பி நடந்தேன்.

பேனரைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். மாதா படத்தை மட்டும் கத்தரித்து நீலா சுவரில் ஒட்டிக்கொண்டாள். மீதியை மாரியப்பன் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் படகு எஞ்சின் மழையில் நனையாமல் இப்போது என் முகம்தான் பார்த்துக்கொள்கிறது.

ஒன்றிரண்டு நாள் விட்டு விட்டு நடந்தேன், திரும்பும்போது பஸ். ஒவ்வொரு தடவையும் வாசலில் நுழைந்ததும் நீலா கேட்பாள்: "இன்னிக்கி எந்த ஊரு?" சிதம்பரத்திலிருந்து கணக்கு வைத்து, முதல் நடையில் கொள்ளிடம் பாலம் தாண்டினோம். இரண்டாவதில் சீர்காழி. மூன்றாவதில் திருக்கடையூர் வந்தது, அங்கே எங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற வீட்டம்மாவைப் பற்றி இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம். நாலாவதில் காரைக்கால். அதைச் சொன்னதும் காசிமேட்டுக்காரிகள் ஞாபகம் வந்து சிரித்தோம். ஐந்தாவது நாகூர் என்றதும் மாரியப்பன், "நாகூர்னா பிரியாணிதான்" என்று சைக்கிளை எடுத்தான். மாலை போட்டவள் கறி தின்னமாட்டேன் என்று கத்தினேன். போய் எனக்குக் குஸ்கா வாங்கி வந்தான். நடுவில் ஒரு நாள் அவன் கடலிலிருந்து வரத் தாமதமானது. நீலா வாசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "காரைக்கால் தாண்டியாச்சு இல்ல?" என்றாள். தாண்டியாச்சு என்றேன். இறாலை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

அந்த நடைகளில் எனக்குப் பின்னால் பாட்டு இல்லை, வழியில் வரவேற்பு இல்லை. வேம்பு இரண்டு தடவை துணைக்கு வந்தாள், மற்றபடி நானும் லாரிகளும்தான். ஆனால் இருபத்து நான்கு வருடத்தில் இவ்வளவு லேசாக நான் நடந்ததில்லை. யாரையும் முந்தவேண்டியதில்லை, அதனாலாக இருக்கும். ஃபாதரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

ஆறாவது நடை செப்டம்பர் எட்டு. நெட்டுக்குப்பம் ரோட்டுக்கு வரும்போது, சந்து திரும்புகிற முனையில் நீலா நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய செருப்பு, கையில் ஊன்றுகோல், புது மஞ்சள் புடவை. பக்கத்தில் மாரியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டி எழுந்து வந்த? வூட்டுக்குத்தான வர்றேன்!"

"கோயில் கிட்ட வந்ததும் கடைசி மணல் பாதைய முட்டி போட்டுப் போவோமே, அத்த யாராவது அடுத்தவங்கள அனுப்பிப் போவாங்களா?" என்றாள். "அது என்னுது. டாக்டர கேட்டுட்டேன், கொஞ்சம் நடக்கலாம்னு சொல்லிட்டாரு."

முனையிலிருந்து அவள் வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும். நாற்காலியை மாரியப்பன் பத்தடி முன்னால் கொண்டுபோய்ப் போட்டான். நீலா கோலை ஊன்றி, கட்டுக் காலை இழுத்து, அதுவரை நடந்தாள். உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். எழுந்தாள். நாற்காலி இன்னும் பத்தடி போனது. அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, மாதாவுக்குச் சொல்கிறாளா, மாரியப்பன் பெயரைச் சொல்கிறாளா, நான் கேட்கவில்லை. பாதி வழியில் உட்கார்ந்தவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. முகம் வியர்த்துக் கொட்டியது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"எனுக்கு நேரமாவும். நீ முன்னாடி போ செல்லக்கனி," என்றாள்.

நான் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். சந்தின் அகலம் அவ்வளவுதான், ஒரு நாற்காலி போட்டால் அடைத்துவிடும். பின்னால் வந்த ஒரு ஆட்டோ நின்று, ஹாரனை விடாமல் அடித்தது. எனக்கு வந்த கோபம் மாதாவுக்குத்தான் தெரியும். திரும்பி, சந்தே கேட்கக் கத்தினேன்.

"இன்னாய்யா அவசரம்? சப்பரம் நின்னுகினு கீது, கண்ணு தெரியல?"

ஆட்டோக்காரர் நாற்காலியைப் பார்த்தார், மஞ்சள் புடவையைப் பார்த்தார், தரையில் காவியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கி நின்றார்.